இறக்கம்தானே என்று நினைத்தேன், டாக்டர்!

மதுரையில் சொந்தமாகக் கடை நடத்தும் 46 வயது அப்பா ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், கடை இருக்கும் தெரு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அவர் சொல்வது சுருக்கமாக இதுதான்.

பிளஸ் ஒன் முடித்த 16 வயது மகன், எட்டாவது முடித்த 13 வயது மகள். கோடை விடுமுறை முழுக்க இருவரும் போனும் கையுமாகவே இருக்கிறார்களே என்ற கவலையில், மே மாதம் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மனைவி போகவில்லை. "ஏறச் சொன்னால் முணுமுணுப்பார்கள். இறங்கத்தானே போகிறோம்" என்று கணக்குப் போட்டு, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு ஒரே நாளில் இறங்குவதாகத் திட்டம். தெரிந்தவர் மூலம் ஒரு வழிகாட்டி கிடைத்தார். வனத்துறை அனுமதி பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றாராம். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள், டிபன் முடித்து நடக்கத் தொடங்கியபோது ஒன்பதரை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிஸ்கட், லெமன் சாதப் பொட்டலம்.

வெள்ளகவிக்கு வந்து சேர மதியம் ஒரு மணி. அங்கே ஒரு திண்ணையில் மகன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அப்பா, இங்கனயே தங்கிருவோம்ப்பா. காலைல எறங்குவோம்" என்றிருக்கிறான். "உன் வயசுல நான் ஆடி அமாவாசைக்கு ராத்திரியோட ராத்திரியா சதுரகிரி ஏறுனவன்டா, எந்திரி" என்று சொல்லி, வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் மாத்திரையும் கொடுத்து எழுப்பியிருக்கிறார் அப்பா. அப்புறம் வெயில். தண்ணீர் தீர்ந்தது. நாலு மணிக்கு மகளுக்குத் தலைவலி, ஐந்து மணிக்கு வாந்தி. காடு இருட்டியபின் செல்போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி இறங்கி, கும்பக்கரை வந்தபோது இரவு எட்டரை. நேராக ஒரு மருத்துவமனைக்குப் போய் மகளைச் சேர்த்தார்கள். ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. மகள் நன்றாக இருக்கிறாள். "மறுபடி எப்பப்பா போவோம்?" என்றுகூடக் கேட்கிறாளாம். மகன்தான் அப்பாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான், மாடிப்படி இறங்கும்போது இன்னும் முழங்கால் வலிக்கிறது என்கிறான். மனைவியோ, "இனிமே என் பிள்ளைகளை மலைப்பக்கம் கூட்டிட்டுப் போனீங்கன்னா நடக்கிறதே வேற" என்கிறார். மகளுக்கு நிரந்தரமாக ஏதாவது பாதிப்பு இருக்குமா, பயம் தெளிய மகனை அதே பாதையில் மறுபடி கூட்டிப் போகலாமா என்று கேட்கிறார் அவர். கடைசி வரியில் பேனா மை மாறியிருக்கிறது, மறுநாள் சேர்த்ததாக இருக்கும்: "நான் செய்தது தப்பா, டாக்டர்?"

ஐயா, மகளைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாதது. நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அவளுக்கு வந்தது வெப்பச் சோர்வு. தலைவலி, வாந்தி, தலைசுற்றல், உடம்பெல்லாம் வியர்வை. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது, யார் என்ன கேட்டாலும் சரியாகப் பதில் சொன்னாள் என்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. இதற்கு அடுத்த படியில் இருப்பது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், புத்தி தடுமாறும், உளறல் வரும், நினைவு தப்பும். அது மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் தாக்கக்கூடியது. அந்த நிலையில் இருப்பவரை நடத்திக் கூட்டி வரவே கூடாது. நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். உங்கள் மகள் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஐந்து வாரமாக ஓடியாடி, சாப்பிட்டு, தூங்கி, வழக்கம்போலச் சிறுநீர் போய்க்கொண்டிருக்கிறாள் என்றால் நிரந்தரப் பாதிப்பைத் தேடி ஸ்கேன் சென்டருக்கு அலைய வேண்டியதில்லை.

இறக்கம் என்கிற ஏமாற்று

நீங்கள் செய்த முதல் தவறு, நம்மில் பாதிப் பேர் செய்வது. ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம் என்பது மூச்சைப் பொறுத்தவரைதான் உண்மை. காலைப் பொறுத்தவரை நேர்மாறு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. ஏற்றத்தைவிட இந்த வேலைதான் தசை நார்களை அதிகம் கிழிக்கிறது. அடுத்த இரண்டு மூன்று நாள் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை உடல் எடையைப் போலப் பல மடங்கு.

எவ்வளவு இறங்கினீர்கள் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தீர்களா? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கும்பக்கரை அடிவாரம் வரை 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி, அதாவது 52 மீட்டர் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறக்குறைய முப்பது தெற்குக் கோபுரத்தை அடுக்கி, உச்சியிலிருந்து கரடுமுரடான கல்லில் கால்வைத்து இறங்கியிருக்கிறீர்கள். அதற்கு முன் பிள்ளைகள் நடந்த அதிகபட்சத் தூரம், உங்கள் கடிதப்படி, சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம் வரை.

இன்னொன்று, கீழே இறங்க இறங்க வெப்பம் ஏறும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி என்பது பொதுவான கணக்கு. காலையில் ஸ்வெட்டரோடு கிளம்பி, நண்பகலுக்குப் பிறகு கால் ஓய்ந்து தண்ணீர் குறைந்த நேரத்தில், பத்து டிகிரி அதிகமான மே மாத வெயிலுக்குள் நடந்து வந்திருக்கிறீர்கள். மலை ஏறுபவனுக்குக் களைக்கக் களைக்கக் குளிர்ச்சி கிடைக்கும். உங்களுக்கு எல்லாம் தலைகீழ்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறு. ஏறும்போது முடியவில்லை என்றால் திரும்பலாம். திரும்புவது இறக்கம், வீடு அந்தப் பக்கம். இறங்கும்போது முடியவில்லை என்றால் திரும்புவது ஏற்றம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உங்களுக்குப் பின்னால் கதவு ஒன்று சாத்திக்கொண்டே வந்தது. அந்தப் பாதையில் நிழலும் மனிதர்களும் இருந்து, நிற்கலாம் என்று சொல்ல வாய்ப்பிருந்த இடம் ஒன்றே ஒன்று. அது வெள்ளகவி. அங்கே உங்கள் மகன் சொன்னான்.

அவள் ஏன் தண்ணீர் கேட்கவில்லை

"பாப்பா தண்ணீர் கேட்கவே இல்லை, அதனால் தாகம் இல்லை என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளைப் பார்த்துவரும் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். 13 வயதுப் பெண், அப்பா, அண்ணன், அறிமுகமில்லாத ஓர் ஆள், ஒதுங்க மறைவில்லாத மலைப்பாதை. சிறுநீர் வந்துவிடுமே என்று பயந்து தண்ணீரைத் தொடாமலே இருப்பார்கள். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று காலை முதல் மாலை வரை குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு என்னிடம் வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அன்றைக்கு மாதவிலக்காகக்கூட இருந்திருக்கலாம். இதை நீங்கள் நேரடியாகக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம், அவள் அம்மா கேட்கட்டும். அடுத்த முறை போனால் அவளோடு அம்மாவோ அத்தையோ ஒரு பெண் துணை போவது நல்லது. கிளம்பும் முன்பே, "எங்கே ஒதுங்கணும்னாலும் சொல்லு, நாங்க முன்னாடி நடந்து போய் நிப்போம்" என்று சொல்லிவிடுங்கள்.

தாகம் எடுத்தால்தான் குடிக்க வேண்டும் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் குடிக்கிறார்களா என்று பாருங்கள். அந்த வெயிலில் ஒரு முழு நாளுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் எந்தக் கணக்கிலும் சேராது. மூன்று லிட்டராவது வேண்டும், வழியில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்துபோகும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழு ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். பாதி பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் கொடுத்தால் நன்மையைவிடத் தொல்லை அதிகம். காலையில் உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டுக் கிளம்பினால் அதுவே நல்ல தொடக்கம்.

இரண்டாவது நோயாளி

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரை சிறுநீரகத்துக்குக் கெடுதல். நீர் குறையும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாட்டையே அந்த மாத்திரை தடுக்கிறது. அதோடு தசையும் கிழிந்திருந்தால் சுமை இரட்டிப்பு. அதற்கடுத்த நாட்களில் மகனுக்குச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனதா என்று கேளுங்கள். போனது என்றாலோ, அவனுக்கு ஞாபகமில்லை என்றாலோ, ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மருந்துக் கடையில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள் என்பதால் அது மிட்டாய் ஆகிவிடாது.

முழங்கால் வலி ஐந்து வாரம் தாண்டியும் இருப்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் எலும்போடு ஒட்டும் இடம் இன்னும் பலவீனமாக இருக்கும். சில்லும் அதன் அடியில் உள்ள குருத்தெலும்பும்கூட உரசி வலிக்கலாம். வீங்குகிறதா, மடக்கும்போது பூட்டிக்கொள்கிறதா, ராத்திரியில் வலி எழுப்புகிறதா? எது இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும், ஓர் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அவனுடைய கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. அது தானாக வளர்ந்து விழும், ஆனால் முழுசாகச் சரியாக ஒரு வருடம்கூட ஆகலாம்.

இதையெல்லாம் அடுக்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மகளின் வாந்தி, டிரிப்ஸ், டிஸ்சார்ஜ் எல்லாம் ஒன்றரைப் பக்கம் வருகிறது. மகனின் முழங்காலுக்கு இரண்டு வரி, நகத்துக்கு ஒரு வரி. அன்று ராத்திரி மருத்துவமனையில் அவனை யாராவது பரிசோதித்தார்களா என்றே தெரியவில்லை. அந்தக் காலோடு தங்கையின் பையையும் அவன்தான் சுமந்து வந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவன் சொன்னது சரி. அந்த மலையில் உங்கள் குடும்பத்தில் சரியாகக் கணித்தவன் அவன் ஒருவன்தான். தங்கச்சிக்கு வாந்தி வருவதற்கு நாலு மணி நேரம் முன்பே சொன்னான். அதை நீங்கள் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அவன் இப்போது பேசாமல் இருப்பதை மலையைப் பார்த்த பயம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டவனின் மௌனமாகத்தான் தெரிகிறது.

சதுரகிரி ஒப்பீட்டையும் விட்டுவிடுங்கள். ஆடி அமாவாசைக்குப் போனீர்கள் என்றால் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கானவர்கள். ஏறும் பாதை, இரவின் குளிர், ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்திருக்கும் கூட்டம், மேலே கஞ்சி. முடியாவிட்டால் சங்கிலிப்பாறையிலோ கோரக்கர் குகைப் பக்கமோ படுத்துத் தூங்கியிருக்கலாம், யாரும் உங்களை எழுப்பியிருக்க மாட்டார்கள். கஷ்டம் பிள்ளையைத் திடப்படுத்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக ஏற்றுக்கொண்ட கஷ்டம் சில சமயம் அப்படிச் செய்யும். போதும் என்று சொல்லியும் கேட்காமல் இழுத்துப்போன கஷ்டம் செய்யாது.

"நான் செய்தது தப்பா?" என்றீர்கள். கூட்டிப் போனது தப்பில்லை. இருட்டில் யாரையும் தனியே விடாமல் சேர்ந்தே இறங்கினீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போனீர்கள், இதை ஒளிக்காமல் எழுதினீர்கள். திண்ணையில் கேட்காமல் போனது தப்பு. அதை அவனிடம் சொல்லுங்கள். "வெள்ளகவில நீ சொன்னதுதான்டா சரி. நான் கேட்டிருக்கணும்." இவ்வளவுதான். பின்னால் ஒரு "ஆனா" சேர்த்தால் முழுசும் வீண். அவன் உடனே கட்டிப்பிடித்து அழுவான் என்று எதிர்பார்க்காதீர்கள், "ம்" என்பான், அத்தோடு சரி.

கெட்ட கனவு, இருட்டைக் கண்டால் பதற்றம், அந்த நாள் மனதுக்குள் திரும்பத் திரும்ப வருவது, படிப்பிலும் நண்பர்களிடமும் ஒட்டாமல் போவது, இப்படி ஏதாவது தெரிந்தால் அது வெறும் கோபமில்லை. ஒரு மாதம் தாண்டிவிட்டதால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவனே பேச விரும்பினால் எண்ணைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மறுபடி போவதானால்

பயம் தெளிய அதே பாதை என்ற யோசனை வேண்டாம். மகள் கேட்கிறாள், போகலாம். மகன் வருகிறேன் என்றால் வரட்டும், வரவில்லை என்றால் விடுங்கள். சிறியதாகத் தொடங்குங்கள். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறும் முன் இறங்கி இட்லி சாப்பிடலாம். அரிட்டாபட்டிப் பாறைகளைச் சுற்றி வரலாம். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், பறவை பார்க்கவே ஒரு காலைப்பொழுது போதாது. ஒரு நிபந்தனை: எந்த இடத்தில் யார் "போதும், திரும்புவோம்" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும். முதல் முறை வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க ஐந்தாவது நிமிடத்திலேயே சொல்வான். திரும்பிவிடுங்கள்.

காட்டுக்குள் போவது பற்றிச் சட்டம் சொல்ல நான் வக்கீல் இல்லை, ஆனால் இவ்வளவு தெரியும். கொடைக்கானல் காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படி குற்றம், வழிகாட்டி தெரிந்தவர் என்பது பதிலாகாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத் தீ நமக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான் நடந்தது. மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்திலேயே பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். பதியும் முன் தடத்தின் கடினமும் வயது வரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் தீக்காலம் என்று தடங்களை மூடுவது வழக்கம். அனுமதி இருந்தால் நீங்கள் எத்தனை பேர், எந்த வழி, எப்போது திரும்ப வேண்டும் என்பது யாருக்கோ தெரிந்திருக்கும். அன்று ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கீழே ஒருவருக்கும் தெரியாது.

உங்கள் மனைவியை இதில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் மதுரையில் போன் கிடைக்காமல் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர். சமணர் மலைக்கு அவரையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால், எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போங்கள். அந்த மாத்திரை அட்டை இன்னும் பயணப் பையின் முன் அறையில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.